ஆன்டிகனி: கிரேயோனின் செருக்கை மேடையில் எங்கே காட்டுவது?

மாட்டுங்கா மேடை:

வணக்கம். மும்பையில் ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழு. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'யை 80 நிமிடத்துக்குச் சுருக்கி மாட்டுங்காவில் போடுவதாக ஏற்பாடு. இடைவேளை கிடையாது. ஒன்பதரையைத் தாண்டினால் டோம்பிவிலிக்கும் விராருக்கும் போகவேண்டியவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆட்கள் ஆறு பேர்தான்: கோரஸுக்கு (ஊர்ப் பெரியவர்களாகச் சேர்ந்து பாடிப் பேசும் குழு) மூவர், மற்ற எல்லாப் பாத்திரங்களுக்கும் மூவர்.

சிக்கல் தீப்ஸ் அரசன் கிரேயோனிடம். ஊர்மேல் படையெடுத்து வந்து இறந்த மருமகனை அடக்கம் செய்யக்கூடாது என்று ஆணையிடுகிறான். மீறி மண் தூவும் அந்த மருமகனின் சகோதரி ஆன்டிகனிக்கு மரண தண்டனை. அவள் இவன் மகனுக்கு நிச்சயமானவள். "செருக்கால் கெட்ட அரசன்" என்று பாடப்புத்தகங்களில் இருக்கிறபடியே பிடித்துக்கொண்டோம். நடிகர் நுழையும்போதே மார்பை நிமிர்த்திக் குரலை உச்சத்தில் வைத்துவிடுகிறார். மகன் ஹேமோனோடு மோதும் காட்சி வரும்போது அதற்கு மேல் ஏற இடமில்லை. டிவி சீரியலில் வரும் அப்பா பிள்ளை சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் மகனின் பிணத்தோடு வரும்போது "நல்லா வேணும்" என்றுதான் தோன்றுகிறது. இரக்கம் வரவே மாட்டேன் என்கிறது.

செருக்குதான் அவன் குறை என்பது சரிதானா? சரியென்றால் எந்த இடத்தில் அது வெளியே தெரியவேண்டும்? எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது?

ஏட்டுச்சுவடி:

நுழையும்போதே காட்டிவிட்டால் மீதி 1,100 வரிக்கு அவனுக்கு வேலையில்லை. முதல் பேச்சை, அதாவது 162 முதல் 210 வரையிலான வரிகளை, மறுபடி படியுங்கள். படையெடுப்பு முறிந்த மறுநாள் காலை. சகோதரியின் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்ததால் அரியணை இவனுக்கு வந்திருக்கிறது. பதவியில் முதல் நாள். பேசுவது அத்தனையும் நியாயம். ஒருவனை ஆட்சியில் வைத்துப் பார்க்காமல் அவன் மனமும் அறிவும் தெரியாது என்கிறான். நல்ல யோசனையைப் பற்றிக்கொள்ளாமல் பயத்தால் வாயைப் பூட்டிக்கொள்ளும் தலைவன் படுமோசம் என்கிறான். நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்கிறான்.

இந்த நாடகம் கி.மு. 441 வாக்கில் மேடையேறியது. கி.மு. 343இல் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் ஏதென்ஸ் வழக்குமன்றத்தில் இதே வரிகளை எடுத்துவைத்து, ஒரு காலத்தில் கிரேயோன் வேடம் போட்ட தன் எதிரி எஸ்கினிஸை "நீ பேசிய வசனப்படி நடந்தாயா" என்று குத்துகிறார். நூறு வருஷம் கழித்தும் அது நல்ல அரசியல் பேச்சாகவே காதில் விழுந்திருக்கிறது. (அதே உரையில், கொடுங்கோலர் வேடமும் செங்கோல் பிடிக்கும் வேடமும் மூன்றாம் நடிகனுக்குப் போகும் தனிச் சலுகை என்று ஒரு கேலியும் உண்டு. உங்கள் நடிகரிடம் சொல்லவேண்டாம்.)

அடக்கம் கூடாது என்ற ஆணைகூட அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு உடனே பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்காது. துரோகிகளை அட்டிகா (ஏதென்ஸின் நாட்டுப்பகுதி) மண்ணில் புதைக்கக்கூடாது என்று ஏதென்ஸிலேயே சட்டம் இருந்தது. எல்லைக்கு வெளியே போட்டால் உறவினர் எங்காவது அடக்கம் செய்துகொள்ள வழியுண்டு. கிரேயோன் பிணத்தை அங்கேயே நாய்க்கும் பறவைக்கும் விட்டு, சுற்றிக் காவலும் வைக்கிறான். தப்பு அந்த ஒரு அடியில்தான். ஆகவே முதல் பேச்சைத் தணிந்த குரலில், அரசாணை படிக்கிற நிதானத்தோடு சொல்லச் சொல்லுங்கள். பார்வையாளர் தலையாட்டவேண்டும்.

அதன் பிறகு நாலு பேர் வருகிறார்கள். நாலு பேரும் கொண்டுவருவது ஏறத்தாழ ஒரே செய்தி: உன் ஆணை ஊரில் நிற்கவில்லை. காவலன் வந்து பிணத்தின் மேல் யாரோ மண் தூவிவிட்டார்கள் என்கிறான். "தெய்வச் செயலாக இருக்குமோ" என்று கோரஸ் கேட்கிறது. கிரேயோன் உடனே லஞ்சம் என்கிறான். ஆன்டிகனி வருகிறாள், இவளைத் தண்டிக்காமல் விட்டால் நான் ஆண்பிள்ளை இல்லை, இவள்தான் ஆண்பிள்ளை என்கிறான். ஹேமோன் வந்து ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்று சொல்கிறான். பெண்ணுக்கு அடிமை என்று பட்டம் கிடைக்கிறது. கடைசியில் குருட்டு முனிவர் டைரீசியஸ், மறுபடி லஞ்சம். வந்தவனுக்கு உள்நோக்கம் என்ன என்று தேடுவதிலேயே நேரம் போகிறது, சொன்ன சங்கதியை ஒருமுறையாவது நிறுத்துப் பார்ப்பதில்லை. அவனுடைய செருக்கு இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. நிமிர்ந்த மார்பில் தேடினால் கிடைக்காது.

குரலுக்கு ஒரு படிவரிசை: காவலன் காட்சியில் 280ஆம் வரிவரை சாதாரணப் பேச்சு. "தெய்வமோ" என்ற கேள்விக்குத்தான் முதல் சீறல். ஆன்டிகனி காட்சியில் (473 முதல்) அவளைப் பார்க்காமல் கோரஸிடம் பேசவேண்டும். மூலத்திலும் அவளை 'இவள்' என்று படர்க்கையில்தான் சொல்கிறான். விறைத்த இரும்புதான் முதலில் வெடிக்கும் என்று அவளுக்குச் சொல்லும் உதாரணம் தனக்கே பொருந்துவது அவனுக்குத் தெரியாது, நடிகருக்கும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. ஹேமோன் காட்சியின் முதல் பாதி முழுக்க அன்பான அப்பா. 726இல், "எங்கள் வயதுக்கு இவனிடம் பாடம் படிக்கவேண்டுமா" என்ற இடத்தில் முதல் விரிசல். 730க்குப் பிறகு ஒற்றை வரி வாக்குவாதம். "ஊர் எனக்கு உத்தரவு போடுமா", "ஒருவனுக்குச் சொந்தமானது ஊரே இல்லை", "ஆளில்லாப் பாலைவனத்தை நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம்". உச்சக் குரலை இங்கே வையுங்கள், முன்னால் வேண்டாம்.

இதற்கு அடுத்த பத்து வரியைப் பெரும்பாலான சுருக்கங்கள் வெட்டிவிடுகின்றன. ஹேமோன் போனதும் கோரஸ் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: "இரண்டு பெண்களையுமா கொல்லப்போகிறீர்கள்?" உடனே ஆன்டிகனியின் சகோதரி இஸ்மீனியை விட்டுவிடுகிறான். முதலில் அறிவித்த கல்லடித் தண்டனையும் மாறிப்போகிறது. கொஞ்சம் உணவு வைத்துக் குகையில் அடைப்பது என்றாகிறது. அவனால் வளைய முடியும். எதிர்த்துப் பேசாமல் கேட்டால் வளைவான். இது மேடையில் தெரிந்தால்தான் கடைசியில் இரக்கம் வரும்.

செம்பூர் ரசிகை:

மேலே சொன்ன படிவரிசை ரொம்பச் சரி. ஆனால் தன்முனைப்பை வெறும் 'பழக்கம்' என்று குறைத்துவிட வேண்டாம். டைரீசியஸ் கோபப்படுவதற்கு முன்னால் பொறுமையாக ஒன்று சொல்கிறார் (1023 முதல் 1028 வரை): தவறு எல்லா மனிதருக்கும் பொது, தவறிய பின் அசையாமல் நிற்காமல் சரிசெய்துகொள்பவன் கெட்டுப்போவதில்லை, பிடிவாதத்துக்குக் கிடைப்பது முட்டாள் பட்டம். தவறு ஒன்று, அதில் ஊன்றி நிற்பது இன்னொன்று என்று நாடகமே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடைசி வரிகளிலும் கோரஸ் பெருமை பேசுகிறவர்களின் பெரிய வார்த்தைகளையும் அதற்கு விழும் பெரிய அடிகளையும்தான் சொல்கிறது.

பாடப்புத்தகத்தின் பிழை வேறு இடத்தில். அரிஸ்டாட்டில் கவிதையியல் 13ஆம் அத்தியாயத்தில் கேட்பது, நடுத்தரமான நல்லவன் ஒருவன் கெட்ட குணத்தால் இல்லாமல் ஒரு பெரிய தவறால் விழுவதை. செருக்கு என்று அவர் சொல்லவில்லை. அங்கே அவர் காட்டும் பெயர்கள் ஈடிபஸும் தையஸ்டிஸும். 'ஆன்டிகனி' அந்த நூலில் வருவது 14ஆம் அத்தியாயத்தில், அதுவும் குறை சொல்ல: ஹேமோன் தெரிந்தே அப்பாவை வெட்டப்போய் வெட்டாமல் விடுவது மட்டமான அமைப்பு என்கிறார். செருக்கு என்று பெயர்க்கப்படும் 'ஹூப்ரிஸ்' என்பதோ ஏதென்ஸில் வழக்குப்போடக்கூடிய குற்றம், இன்னொருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது. இந்த நாடகத்தில் அந்தக் குற்றச்சாட்டை 480இல் வைப்பவனே கிரேயோன்தான், ஆன்டிகனி மேல்!

உங்கள் பார்வையாளருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கிரேயோன் ஆன்டிகனிக்குத் தாய்மாமன். ஹேமோன் முறைமாப்பிள்ளை. கிரேக்கத்தில் அடிக்குறிப்பு போட்டு விளக்கவேண்டியதைத் தமிழில் ஒரு 'மாமா' சொல்லிவிடும். சீர் கொண்டுவரவேண்டியவன் பெண்ணைக் கல்லறைக்கு அனுப்புகிறான் என்று யாரும் வசனத்தில் விளக்கவேண்டியதே இல்லை. இஸ்மீனி "மாமா" என்றே கூப்பிடட்டும். ஆன்டிகனி ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடக்கூடாது. மூலத்தின் முதல் காட்சியிலேயே அவள் அவனைப் பெயர் சொல்லி, 'அந்த நல்லவர்' என்று குத்தலாகத்தான் பேசுகிறாள்.

மாட்டுங்கா மேடை:

இருவருக்கும் நன்றி. 'மாமா' யோசனையை உடனே பிரதியில் சேர்த்தாயிற்று.

இப்போதைக்கு எங்கள் வெட்டு: நாலாவது, ஐந்தாவது கோரஸ் பாடல்கள் இரண்டும் போய்விட்டன. தூதன் சொல்லும் நீண்ட செய்தியில் அடக்கச் சடங்கு பற்றிய பகுதியை எடுத்துவிட்டு நேரே குகைக்குப் போகிறோம். ஒரே நடிகை ஆன்டிகனி, டைரீசியஸ், ராணி யூரிடிசி மூன்றும். இன்னொருவர் இஸ்மீனி, காவலன், ஹேமோன், தூதன். நிகழ்ச்சிக் குறிப்பில் "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்" குறளைப் போட்டு, சிலப்பதிகாரப் பாண்டியனோடு ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். சரியாக வருமா?

பின்மேடை:

வேடப் பங்கீடு நன்றாக வரும். பேசும் நடிகர் மூவர் மட்டுமே என்ற கிரேக்க மரபுக்கும் பொருந்துகிறது. ஆனால் உங்கள் வெட்டு அதையே உடைக்கிறது. ஆன்டிகனி 943இல் வெளியேறுகிறாள், டைரீசியஸ் 988இல் நுழைகிறார். நடுவில் இருப்பது அந்த நாலாவது பாட்டு மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் உங்கள் நடிகைக்கு உடைமாற்ற ஒரு விநாடிகூடக் கிடையாது.

அந்தப் பாட்டின் சொற்கள் தேவையில்லை என்பது உண்மை. டனாயி, லைகர்கஸ், கிளியோபாட்ரா என்று மூன்று புராணக் கதைகள் (எகிப்து ராணி இல்லை, வேறு ஆள்). நம் பார்வையாளருக்கு ஒன்றும் ஒட்டாது. சொற்களை எடுத்துவிட்டு 90 விநாடி பறை அல்லது உறுமியை மட்டும் வையுங்கள். கோரஸ் குகை வாயை அடைப்பதுபோல் கல் அடுக்கட்டும். நடிகைக்கு ஒரு போர்வை, ஒரு கோல் போதும். கண்ணைக் கட்டவேண்டாம், சின்ன மேடையில் விழுந்துவிடுவார். மூலத்தில் டைரீசியஸை ஒரு பையன் கைபிடித்து அழைத்துவருகிறான். கோரஸில் ஒருவர் அதைச் செய்தால் பாதுகாப்பும் ஆகும்.

ஐந்தாவது பாட்டு (1115 முதல் 1154 வரை) கட்டாயம் வேண்டும். கிரேயோன் மனம் மாறி ஓடுகிறான். ஊர் காப்பாற்றப்பட்டது என்று நம்பிக் கோரஸ் டயோனைசஸ் தெய்வத்தைக் கூப்பிட்டு ஆடுகிறது. இதை எடுத்தால், அவன் படியிறங்கிய மறு விநாடி தூதன் வந்து "இறந்துவிட்டார்கள்" என்பான், அரங்கில் சிரிப்பு எழும். காவடிச் சிந்து நடையில் இரண்டு நிமிடம், துள்ளலாக. சோகத்தின் சாயல் துளியும் வரக்கூடாது.

அடுத்தது அடக்கச் சடங்கு. நீங்கள் எடுத்திருப்பது நாடகத்தின் அச்சாணி. 1099இல் கிரேயோன் "என்ன செய்யட்டும், சொல்லுங்கள், கேட்கிறேன்" என்கிறான். கோரஸ் தெளிவாக வரிசைப்படுத்திச் சொல்கிறது: போய் முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. தூதன் சொல்வதைப் பாருங்கள் (1196 முதல் 1205 வரை): முதலில் பிணத்துக்குப் போகிறார்கள். எஞ்சிய உடலைக் கழுவி, புதுக் கிளைகளை வெட்டி எரித்து, சொந்த மண்ணில் மேடு எழுப்பி, அதற்குப் பிறகுதான் குகை. அங்கே போகும்போது உள்ளிருந்து அழுகுரல் கேட்கிறது. ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள்.

ஏன் மாற்றிச் செய்தான் என்று நாடகம் சொல்லவில்லை. என் கணிப்பு, டைரீசியஸ் பலிபீடங்கள் தீட்டுப்பட்டதை விரிவாகச் சொன்னது அவன் காதில் தங்கிவிட்டது. அரசனாக முதலில் ஊர்த் தீட்டைக் கழிக்கப் போகிறான், அந்தப் பெண் ஒரு தனி ஆள், காத்திருக்கலாம். பணிந்த பிறகும் பழைய கணக்குதான் ஓடுகிறது. நீங்கள் வேறு காரணம் வைத்துக்கொண்டாலும் சரி, வரிசை மட்டும் தெரியவேண்டும். கோரஸ் இரண்டு கட்டளையையும் ஒரே வாக்கியத்தில் ஓட்டாமல் தனித்தனியாகச் சொல்லட்டும். "முதலில்" என்ற சொல்லை அழுத்தட்டும். தூதனும் அதே "முதலில்" என்று தொடங்கட்டும். நாற்பது விநாடிதான் கூடும்.

நேரக் கணக்கு: முன்காட்சி 8 நிமிடம், முதல் பேச்சு 4, ஹேமோன் காட்சி 14, டைரீசியஸ் 9, கிரேயோன் திரும்பி வருவதிலிருந்து முடிவுவரை 10. இவற்றைத் தொடாதீர்கள். ஆன்டிகனி விடைபெறும் புலம்பலில் நையோபி உவமையை எடுத்துவிட்டால் மூன்று நிமிடம் மிச்சமாகும்.

ஒரு சில்லறை விஷயம். மும்பையில் வளர்ந்த இளையவர்கள் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பது சகஜம். அப்படியென்றால் ழ, ள, ல மூன்றும் தாளில் ஒன்றாகிவிடும், "வாழ்" "வாள்" ஆகிவிடும். வாளும் பிணமும் நிறைந்த நாடகத்தில் இது விபரீதம். ஒலிப்பதிவு செய்து கொடுத்துக் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். ஒற்றை வரி வாக்குவாதத்தில் ஒரு வரிக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள்.

முலுண்ட் வாசகி:

பாண்டியன் ஒப்பீடு கவர்ச்சிதான், ஆனால் கவனம். நெடுஞ்செழியன் செய்தது அவசரம். ராணியின் ஊடலைத் தணிக்கப் போகிற வழியில் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு விசாரிக்காமல் உத்தரவு போடுகிறான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் மறுபேச்சு இல்லை: "யானோ அரசன் யானே கள்வன்." அங்கேயே விழுந்து இறக்கிறான். ஒரே சான்று, ஒரே கணம். கிரேயோனுக்கு நாலு சான்று வருகிறது, நாலையும் தள்ளிவிடுகிறான். அந்தச் சாவும் அவனுக்குக் கிடைப்பதில்லை; மகனும் மனைவியும் போனபின் சாவு வரட்டும் என்று கெஞ்சுகிறான், கோரஸ் அதையும் வெட்டிவிடுகிறது. குறிப்பில் போடுவதானால் இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்பதை எழுதுங்கள், ஒற்றுமையை எல்லோருமே எழுதுவார்கள்.

ஏட்டுச்சுவடி:

குறளும் அந்த இடத்தில் உட்காராது. 448 இடித்துரைக்க ஆளில்லாத மன்னனைப் பற்றியது. கிரேயோனுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை, மகனே வந்து இடிக்கிறான். வேண்டுமானால் 389ஐப் போடுங்கள், "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்". காது கசக்கும் சொல்லைப் பொறுப்பதுதான் அவனுக்கு வராதது. ஹேமோனும் 690இல் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறான்: உங்கள் காதுக்குப் பிடிக்காத பேச்சென்றால் சாதாரண ஜனங்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே பயந்துபோகிறார்கள். முதல் பேச்சில் வாயைப் பூட்டிக்கொள்ளும் தலைவனைத் திட்டியவன், ஊரார் வாயைப் பூட்டிவிட்டான்.

ஹேமோன் காட்சியில் வெள்ளத்துக்கு வளையும் மரம் கிளை தப்புகிறது, எதிர்க்கும் மரம் வேரோடு போகிறது என்ற உவமை வரும். தமிழில் உடனே நாணல் என்று எழுதக் கை வரும். எழுதாதீர்கள். அவன் அரசனிடம் பேசுகிறான். மரமாகவே இருந்து வளையச் சொல்கிறான், புல்லாகச் சொல்லவில்லை.

மாட்டுங்கா மேடை:

நாணலைத்தான் எழுதியிருந்தோம்! எடுத்துவிடுகிறோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். கடைசியில் கிரேயோன் ஹேமோனின் உடலைத் தூக்கிவரவேண்டுமா? எங்கள் நடிகருக்கு முதுகுவலி. அதோடு ஹேமோனாக நடிப்பவர்தான் உள்ளிருந்து வரும் இரண்டாவது தூதனும்.

பின்மேடை:

அப்படியானால் நிஜ ஆளைத் தூக்கவே முடியாது, முதுகுவலியும் மிச்சம். பழைய கிரேக்க மேடையிலும் அந்த இடத்தில் பொம்மை உடலோ பேசாத துணை நடிகரோதான் இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் பேசும் நடிகர் மூவர்தான். வெள்ளைத் துணியில் சுற்றிய உருவம் ஒன்று, ஆறு ஏழு கிலோவுக்குள், உள்ளே பழைய போர்வைகள். தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தூக்கும் விதத்திலேயே பொய் தெரிந்துவிடும். கிரேயோன் தலைப்பக்கம், கோரஸ் ஒருவர் கால்பக்கம். அதைக் கீழே வைத்த பிறகுதான் இரண்டாவது தூதன் வந்து ராணி இறந்ததைச் சொல்லவேண்டும். வைப்பதற்குள் சொன்னால் நடிகருக்குக் கை எங்கே, முகம் எங்கே என்று தடுமாற்றம் வரும். யூரிடிசியின் உடலுக்குப் பின்திரையைத் திறந்து நிழல் காட்டினால் போதும். "இந்த வீணனைக் கூட்டிப்போங்கள்" என்று அவன் சொல்லும்போது கைபிடித்து நடத்த கோரஸில் டைரீசியஸைக் கூட்டிவந்த அதே ஆளை விடுங்கள். விளக்கை அவன் வெளியேறும்போது அணைக்கவேண்டாம், கோரஸின் கடைசி ஆறு வரி முடிந்த பிறகு அணையுங்கள்.